அசாமியப் படம் பார்க்கப் பழகலாம்: மொழி தெரியாதவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"பாத் காலி நே?"

அசாமிய வீடுகளில் நாள் முழுக்கக் காதில் விழும் கேள்வி இது. பாத் என்றால் சோறு. 'சோறு சாப்பிட்டியா?' அவ்வளவுதான். இதையே இன்னொருவரிடம் 'பாத் காலா நே?' என்று கேட்பார்கள். பெரியவராக இருந்தால் 'பாத் காலே நே?' என்பார்கள். வினையின் வாலில் ஒரே ஒரு உயிர் மாறுகிறது. பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் என்ன உறவு, எவ்வளவு நெருக்கம், எவ்வளவு மரியாதை என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது. ஆங்கில சப்டைட்டிலில் மூன்றுக்கும் ஒரே வரிதான் வரும்.

'சாப்பிட்டியா', 'சாப்பிட்டீங்களா' என்று பிரித்துப் பேசியே வளர்ந்த நமக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை. காதைக் கொடுத்தால் போதும். மொழி தெரியாத படத்தை அசாமிலிருந்து தொடங்குங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம், மிகக் குறைந்த காசில் மிக நல்ல படங்கள் அங்கே வந்திருக்கின்றன, நம் ஊரில் அவற்றைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. கதையை சப்டைட்டில் சொல்லிவிடும். அந்தப் படத்து மனிதர்களோடு பழகுவதற்குக் காதுதான் வழி. கீழே எழுதியிருப்பதெல்லாம் அதற்கான பயிற்சிதான்.

முதலில் ஒரே ஒரு படம்

'பார்த்தே ஆகவேண்டிய 25 படங்கள்' மாதிரியான பட்டியல்களைத் தேடிப் போகாதீர்கள். பட்டியலைச் சேமித்து வைத்துவிட்டுப் படத்தைப் பார்க்காமல் விடுவதுதான் நடக்கும். ஒரு படத்தை எடுத்துக்கொண்டு அதை இரண்டு தடவை பாருங்கள்.

அந்த ஒரு படம், ரீமா தாஸ் இயக்கிய 'வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்'. 2017-இல் வந்தது. ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. துனு என்ற பத்து வயதுச் சிறுமிக்கு ஒரு கிட்டார் வேண்டும். அப்பா இல்லை. அம்மா வயலில் உழைத்துக் குடும்பத்தை நடத்துகிறாள். வருடா வருடம் வெள்ளம் வந்து பயிரைத் தின்கிறது. கதை இவ்வளவுதான், அதனால் சப்டைட்டிலைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டியதில்லை. புதிதாக வருகிறவருக்கு இது பெரிய வசதி. 65-ஆவது தேசிய திரைப்பட விருதுகளில் சிறந்த படம் இதுதான். ஆஸ்கர் போட்டிக்கு இந்தியாவிலிருந்து அதிகாரப்பூர்வமாகப் போன முதல் அசாமியப் படமும் இதுவே.

எங்கே கிடைக்கும்? ஓடிடி தளங்களில் இந்த மாதிரிப் படங்கள் வரும், போகும். இன்று இருப்பது ஆறு மாதம் கழித்து இருக்காது. அதனால் படத்தின் பெயரோடு இயக்குநரின் பெயரையும் போட்டுத் தேடுங்கள், தயாரிப்பாளர்களே முறையாக வெளியிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ரீல்டிராமா என்று அசாமியப் படங்களுக்காகவே ஒரு ஓடிடி தளம் இருக்கிறது. பெரிய திரையில் பார்க்க வேண்டுமானால் நவம்பரில் கோவாவில் நடக்கும் சர்வதேசத் திரைப்பட விழாவின் 'இந்தியன் பனோரமா' பிரிவு, டிசம்பரில் நடக்கும் சென்னை சர்வதேசத் திரைப்பட விழா, அதே மாதத்தில் வரும் திருவனந்தபுரம் விழா ஆகியவற்றின் நிகழ்ச்சி நிரலைக் கவனித்து வாருங்கள். திருட்டுப் பிரதியில் மட்டும் பார்க்காதீர்கள். நூறு கோடிப் படத்துக்கு அதனால் என்ன ஆகுமோ தெரியாது, இந்த மாதிரிப் படம் எடுத்தவருக்கு அது அடுத்த படத்தின் கேமரா வாடகை.

பார்ப்பதற்கு முந்தைய நாள்

அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். வரைபடத்தைத் திறந்து குவாஹாட்டியைக் கண்டுபிடியுங்கள். அதற்கு மேற்கே, பிரம்மபுத்திராவின் தென்கரையில் சாய்காவ் இருக்கும். அதன் பக்கத்துக் கிராமம்தான் ரீமா தாஸின் சொந்த ஊர். படம் எடுத்ததும் அங்கேதான். ஆற்றின் அகலத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். காவிரியை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்த வெள்ளம் பிடிபடாது.

அடுத்தது ஒலி. மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டால், புரியாத இரைச்சலாக இருந்த பேச்சில் சொற்கள் தனித்தனியாகத் தெரிய ஆரம்பிக்கும்.

ஒன்று, நாம் 'அ' என்று சொல்லும் பல இடங்களில் அவர்கள் வாயைக் குவித்து 'ஒ' என்பார்கள். கதா என்பது 'கொதா' ஆகும், நதி 'நொதி' ஆகும். 'கொதாநொதி' என்றே ஒரு படம் இருக்கிறது, கதை நதி. வாயின் குவிப்பைக் கழித்துவிட்டால் நமக்குத் தெரிந்த சொற்கள்தான்.

இரண்டு, வட இந்தியாவில் 'ச்சாய்' என்று கேட்டுப் பழகிய காதுக்குத் தேநீர் இங்கே 'ஸாஹ்' என்று வரும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மற்ற இந்திய மொழிகளில் ஸ, ஷ வரும் பல இடங்களில் அசாமியத்தில் தொண்டைக்குள் காற்று உரசும் ஓர் ஒலி வரும். ஹ-வுக்கும் க-வுக்கும் நடுவில் நிற்கும் ஒலி. 'அஃது' என்று நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். ஆய்தம் தொண்டையில் உரசுகிறதல்லவா, ஏறக்குறைய அதுதான். அசாம் என்ற பெயரையே அவர்கள் 'ஒஃகொம்' என்பதுபோலத்தான் உச்சரிப்பார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது சிலர் எக்ஸ் எழுத்தைப் போடுவது இதற்காகத்தான். சில சொற்களில் அந்த உரசல் முழு 'ஹ' ஆகவே ஆகிவிட்டது. மனுஷன், அங்கே 'மானுஹ்'.

அப்புறம் ஒரு பத்துச் சொல்லைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மா, அம்மா. தேஉதா, அப்பா. ஆய்தா, பாட்டி. கொகா, தாத்தா. பா, அக்கா. கி ஹோல், என்ன ஆச்சு. நாய், இல்லை. பால், நல்லது. ஆஹ், வா. ஜா, போ. மனப்பாடம் செய்ய வேண்டாம், ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், போதும்.

முதல் தடவை

சப்டைட்டிலோடு, இடையில் நிறுத்தாமல் பாருங்கள். டிவியின் ஸ்பீக்கரில் வேண்டாம், ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். இந்தப் படத்துக்குச் சிறந்த ஒலிப்பதிவுக்கான தேசிய விருதும் கிடைத்தது; படப்பிடிப்பு நடந்த இடத்திலேயே ஒலியைப் பதிவு செய்ததற்காக அதைப் பெற்றவர் மல்லிகா தாஸ், இயக்குநரின் உறவுக்காரப் பெண். நெல் வயலில் வீசும் காற்று, தூரத்தில் யாரோ யாரையோ கூப்பிடும் குரல், தண்ணீரை மிதித்து நடக்கும் காலடி என எல்லாமே அந்த ஊரிலேயே பிடிக்கப்பட்டவை. மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே இதைப் பார்த்தால் பாதிப் படம் போய்விடும்.

ஏதாவது ஒரு வரி புரியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பின்னால் போய்ப் பார்க்காதீர்கள்.

இரண்டாவது தடவை, சப்டைட்டில் இல்லாமல்

இரண்டு மூன்று நாள் கழித்து, அம்மாவும் மகளும் மட்டும் இருக்கும் காட்சிகளில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சப்டைட்டிலை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். கதை ஏற்கெனவே தெரியும், அதனால் பதற்றம் இருக்காது.

இப்போது கவனிக்க வேண்டியது, யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது. அசாமியத்தில் நீ, நீங்கள் என்பதற்கு மூன்று படிகள் உண்டு: தொய், துமி, ஆபுனி. தொய் என்பது உரிமையோடு சொல்லும் 'நீ'. சண்டையிலும் அது வரும், கொஞ்சலிலும் வரும். இரண்டில் எது என்பது குரலில்தான் இருக்கிறது.

உறவு முறைகளில் நமக்கு இன்னும் பெரிய லாபம் காத்திருக்கிறது. அப்பாவின் தம்பி அவர்களுக்குக் குரா, அம்மாவின் சகோதரர் மாமா. ஆமாம், நம் மாமாவேதான். அப்பாவின் தங்கை பேஹி, அம்மாவின் தங்கை மாஹி. சித்தப்பா, மாமா, அத்தை, சித்தி என்று நாம் வைத்திருக்கும் அதே கணக்கு. ஆங்கிலம் இந்த நால்வரையும் இரண்டே சொல்லில் அடைத்துவிடும். தெருவில் போகும் முகம் தெரியாத பெரியவரையும் 'குரா' என்று கூப்பிடுவது அங்கே வழக்கம். அந்தச் சொல் வந்த கையோடு, அவர் சொந்தக்காரரா வழிப்போக்கரா என்று காட்சியை வைத்துத் தீர்மானித்துப் பாருங்கள். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் சப்டைட்டில் எழுதியவர் எங்கெல்லாம் கைவிட்டிருக்கிறார் என்பது உங்களுக்கே தெரிய ஆரம்பிக்கும்.

மொழிக்கு வெளியே நமக்குத் தெரிந்தவையும் தட்டுப்படும். துனு வயதுக்கு வரும்போது ஊர்ப் பெண்கள் கூடிச் சடங்கு செய்கிறார்கள். நம் மஞ்சள் நீராட்டு விழாவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அங்கே என்ன நடக்கிறது, அந்தப் பெண் ஏன் அப்படி ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு வருகிறவருக்கு வெற்றிலை பாக்கு நீட்டுவதும் அப்படித்தான். பாக்குக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'தாமூல்', நம் தாம்பூலத்தோடு ஒரே வேர். நமக்குப் பொங்கல் வரும் ஜனவரி நடுவில் அவர்களுக்கு மாக் பிஹு. அறுவடை முடிந்த வயலில் வைக்கோலால் குடில் கட்டி, முந்தின இரவு எல்லோரும் கூடிச் சாப்பிட்டு, விடிகாலையில் எரிப்பார்கள். நம் போகியை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு தமிழ் ஜோடி தேடிக்கொண்டே போகாதீர்கள். ஜோடி கிடைக்காத இடங்களில்தான் அசாம் தொடங்குகிறது. வெள்ளத்தில் கணவனைப் பறிகொடுத்தவள், பயந்து மகளைத் தண்ணீரிலிருந்து தள்ளி வைக்காமல் அவளுக்கு நீச்சல் கற்றுத் தருகிறாளே, அந்த மனசு அந்த ஆற்றங்கரைக்கு உரியது.

காசில்லாமல் எடுத்த படத்தை எப்படிப் பார்ப்பது?

'வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்' படத்தை எழுதியது, இயக்கியது, கேமரா பிடித்தது, வெட்டி ஒட்டியது, தயாரித்தது எல்லாம் ரீமா தாஸ்தான். படத்தொகுப்புக்கும் அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. நடித்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். துனுவாக வரும் பனிதா தாஸுக்குச் சிறந்த குழந்தை நட்சத்திர விருது.

இதைத் தெரிந்துகொண்டு, படத்தில் வரும் வெளிச்சத்தைப் பாருங்கள். விளக்கு வாங்கக் காசில்லாதவர் விடியலுக்கும் அந்திக்கும் காத்திருந்துதான் ஆகவேண்டும். மழை எந்திரத்தை வாடகைக்கு எடுக்க முடியாதவர் மழை வரும்வரை காத்திருக்க வேண்டும். படப்பிடிப்பு சில ஆண்டுகள் நீண்டது. அதன் பலன் திரையில் தெரியும்: வருவது உண்மையான வெள்ளம், மூழ்கியிருப்பது உண்மையான வயல். பிள்ளைகள் யாரும் கேமராவைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வருடக்கணக்கில் பக்கத்திலேயே இருந்த கேமராவை அவர்கள் மறந்தே போய்விட்டார்கள். பெரிய கம்பெனி நாற்பது நாள் கால்ஷீட்டில் இதை வாங்க முடியாது. காசுக்குப் பதிலாகக் காலத்தைச் செலவழித்து எடுத்த படம் இது, அப்படித்தான் இதைப் பார்க்க வேண்டும். அவசரமாகப் பார்த்தால் 'ஒன்றுமே நடக்கவில்லையே' என்று தோன்றும்.

ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்: தெர்மாகோல் கிட்டார். நிஜ கிட்டார் வாங்க முடியாத பிள்ளைகள், பெட்டிக்குள் பாதுகாப்புக்கு வைத்து வரும் அந்த வெள்ளை அட்டையில் வெட்டிச் செய்த வாத்தியம். அதிலிருந்து ஓர் ஒலியும் வராது. கையில் தூக்கினால் எடையே இருக்காது. அதை அந்தப் பெண் எவ்வளவு பத்திரமாகப் பிடித்திருக்கிறாள் என்று விரல்களை மட்டும் பாருங்கள்.

சிக்கனத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. கென்னி பசுமதாரி 2013-இல் வெளியிட்ட 'லோக்கல் குங்ஃபூ' முழுநீள நகைச்சுவை சண்டைப் படம். அதற்கு ஆன செலவு 95,000 ரூபாய். நம் ஊர்க் கல்யாணத்தில் போட்டோவுக்கும் வீடியோவுக்கும் கொடுக்கிற பணம். நண்பர்களும் சொந்தக்காரர்களும் சேர்ந்து குவாஹாட்டித் தெருக்களில் எடுத்தார்கள். சண்டைக் காட்சிகளில் கால்களைக் கவனியுங்கள். கயிறு கட்டித் தூக்க வழியில்லை என்பதால் குதிப்பதும் விழுவதும் அவர்களே செய்வதுதான். அதில் இருக்கும் உற்சாகம் தொற்றிக்கொள்ளும்.

குறைகளையும் மறைக்க வேண்டாம். குறைந்த காசுப் படங்களில் ஒலி திடீரென்று ஏறி இறங்கும், துணைப் பாத்திரங்கள் சிலர் வசனத்தை ஒப்பிப்பார்கள், இரவுக் காட்சிகள் சேறாகத் தெரியும். நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொள்கிறேன்: காசு இருந்திருந்தால் இந்தக் குறை சரியாகியிருக்குமா? ஆகும் என்றால் கடந்து போய்விடுவேன். ஆகாது என்றால், அதாவது எழுத்தே பலவீனமாக இருந்தால், எந்தப் படத்தையும் எப்படிக் குறை சொல்வேனோ அப்படியே சொல்வேன். பாவம், காசில்லை என்று மதிப்பெண் கூட்டிப் போடுவது அந்தக் கலைஞர்களுக்கு நாம் செய்யும் அவமரியாதை.

தெரிந்தவரிடம் கேளுங்கள்

தமிழ்நாட்டில் அசாமிலிருந்து வந்து வேலை செய்பவர்கள் இல்லாத ஊர் இன்று அரிது. நான் மதியம் சாப்பிடும் மெஸ்ஸில் நல்பாரிப் பக்கத்துத் தம்பி ஒருவர் இருக்கிறார். ஒருநாள் கூட்டம் குறைந்த பிறகு, "தம்பி, உங்க ஊர்ப் பேரை நீங்க எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டேன். சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். "இல்லண்ணா, இங்கேருந்து" என்று தொண்டையில் கை வைத்துக் காட்டினார். நாலாவது தடவை தலையாட்டினார். அதற்குப் பிறகு என் இலையில் சோறு போடும்போதெல்லாம் ஒரு சொல் சேர்ந்து விழுகிறது.

நான் ஆசையாகச் சொன்ன படங்கள் எதையும் அவர் பார்த்ததில்லை. அவர் பார்த்து வளர்ந்தது 'ப்ராம்யமான்', ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுக்கள். 1963-இல் பாட்சாலாவில் அச்யுத் லஹ்கர் தொடங்கிய நடராஜ் தியேட்டர்தான் இதற்கு முன்னோடி. கூடாரம், மேடை, நாற்காலி, ஜெனரேட்டர் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து ஓர் ஊரில் சில இரவுகள் நாடகம் போட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போவார்கள். இரண்டு மேடை பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், ஒன்றில் காட்சி முடிந்ததும் மற்றதில் விளக்கு எரியும். பரபரப்பான அசாமியப் படங்களில் நடிப்பு உங்களுக்குச் சத்தமாகத் தோன்றினால், அது ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருக்கும் கூடாரத்தின் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டிய நடிப்பு என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தம்பி சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு இது உறைத்திருக்காது.

கேட்கும்போது வேலை நேரத்தில் தொந்தரவு செய்யாதீர்கள். அரசியலில் ஆரம்பிக்காமல் சாப்பாட்டில் ஆரம்பியுங்கள்.

அடுத்தடுத்து

இரண்டாவதாக 'லோக்கல் குங்ஃபூ' பாருங்கள், நகர வேகத்தில் பேசும் அசாமியத்துக்குக் காது பழகும். மூன்றாவது, பாஸ்கர் ஹசாரிகா 2015-இல் எடுத்த 'கொதாநொதி'. லக்ஷ்மிநாத் பேஸ்பருவா தொகுத்த பாட்டிக் கதைகளிலிருந்து வந்தது, சில இடங்களில் மனம் பதறும், குழந்தைகளோடு பார்க்க வேண்டாம்.

அப்புறம் பின்னோக்கிப் போங்கள். ஜாஹ்னு பருவாவின் 'ஹாலதீயா சொராயே பாஓதான் காய்', 1987. 'மஞ்சள் பறவைகள் பாஓ நெல்லைத் தின்கின்றன' என்று பொருள். பாஓ என்பது வெள்ளம் உயர உயரத் தானும் உயரும் ஆழ்நீர் நெல். தன் நிலத்தைப் பெரிய மனிதர் ஒருவர் தனதென்று சொல்வதைக் கேட்டு அலுவலகம் அலுவலகமாக அலையும் விவசாயியின் கதை. அந்த விவசாயியாக வாழ்ந்த இந்திர பனியாவுக்கு சுவிட்சர்லாந்தின் லோகார்னோ திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. சிறந்த படத்துக்கான தேசிய விருது வாங்கிய இன்னொரு அசாமியப் படம் இது. இதற்கும் 'வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்' படத்துக்கும் இடையே முப்பது வருடம்.

எல்லாவற்றுக்கும் முதல் படமான 'ஜொய்மொதி', 1935-இல் வந்தது. ஜோதிபிரசாத் அகர்வாலா தன் குடும்பத்தின் போலாகுரி தேயிலைத் தோட்டத்தில் தானே ஒரு ஸ்டுடியோ அமைத்து எடுத்தார். படம் இன்று முழுதாக இல்லை. அதில் நாயகியாக நடித்தவர் ஐதேஉ சந்திகை. திரையில் வேறொரு ஆணைக் கணவர் என்று அழைத்துவிட்டாள் என்று ஊர் அவரை ஒதுக்கி வைத்தது. கடைசிவரை அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. 2002-இல் இறந்தார். இன்று அசாமியப் படத்தில் ஒரு பெண் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

அசாமில் எடுத்த எல்லாமே அசாமிய மொழிப் படம் என்று எண்ணிவிடாதீர்கள். போடோ, மிசிங், கார்பி என்று அங்கே பல மொழிகள் உண்டு. 1986-இல் வந்த 'அலாயாரோன்' போடோ மொழியின் முதல் முழுநீளப் படம். இந்தப் பத்துச் சொல் தாள் அங்கே உதவாது, புதிதாகத் தாள் போட வேண்டும்.

கடைசியாக ஒரு வேலை. 'வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்' முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றிவிடாமல் பெயர்ப் பட்டியலை முழுதாக ஓடவிடுங்கள். இரண்டே நிமிடம்தான். ஒரே பெயர் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுங்கள்.